கைக்குழந்தை மேல் வருகிற கோபத்தைப் பற்றியும் எழுதுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

உங்கள் நாளிதழில் குழந்தை வளர்ப்பு பற்றி நிறையவே வருகிறது. எந்த மாதத்தில் எந்தத் தடுப்பூசி, எப்போது திட உணவு தொடங்கலாம், பல் முளைக்கும்போது என்ன செய்யலாம் என்று வருவதையெல்லாம் படித்துப் பயன்பட்டவள் நான். ஆனால் இரவு பகல் தெரியாமல் கைக்குழந்தையோடு கிடக்கிற அம்மா அப்பாவுக்கு வருகிற கோபத்தைப் பற்றி ஒரு வரிகூட என் கண்ணில் பட்டதில்லை. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். எனக்கு ஏழு மாதத்தில் ஒரு மகன் இருக்கிறான்.

கணவர் மேல், மாமியார் மேல், வந்து அறிவுரை சொல்லிவிட்டுப் போகிறவர்கள் மேல் வருகிற கோபத்தை யாரிடமாவது சொல்லி ஆற்றிக்கொள்ள முடிகிறது. நான் சொல்வது குழந்தை மேலேயே வருகிற கோபம். "பெற்ற பிள்ளை மேல் கோபப்படுகிறவள் என்ன தாய்" என்று சிலர் நினைப்பார்கள் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன், ஏனென்றால் எனக்குத் தெரிந்த நான்கைந்து பெண்களிடம் நானாக வாயைத் திறந்து இதைச் சொன்னபோது அத்தனை பேரும் "எனக்கும் அப்படித்தான் இருந்தது" என்றார்கள். அதில் ஒருவருடைய பிள்ளை இப்போது கல்லூரிக்குப் போகிறான், இத்தனை வருஷத்தில் அவர் யாரிடமும் சொன்னதே இல்லையாம்.

அது எப்படி வருகிறது என்று சொல்கிறேன். மகனுக்கு அப்போது ஒன்றரை மாதம் இருக்கும். பால் கொடுத்தாச்சு, ஏப்பம் எடுத்தாச்சு, டயப்பர் மாற்றியாச்சு, தோளில் போட்டு நடந்தும் ஆச்சு. அவன் முதுகை விறைத்து வளைத்து, முகம் செக்கச்செவேலென்று ஆகி, ஒரு மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடியும் வீறிட்டான். முடியெல்லாம் வியர்வையில் நெற்றியோடு ஒட்டிக் கிடந்தது. கழன்றுபோன டயப்பரைத் திரும்ப ஒட்டும்போது என் விரல்கள் தேவைக்கு மேல் அழுத்துவதைப் பார்த்தேன், பல்லை இறுகக் கடித்துக்கொண்டிருந்ததும் அப்போதுதான் தெரிந்தது. அவனைத் தொட்டிலில் மல்லாக்கப் படுக்க வைத்துவிட்டு சமையலறைக்குப் போய், குழாயைத் திறந்து இரண்டு கையையும் தண்ணீரில் காட்டிக்கொண்டு நின்றேன். அங்கே அவன் அழுவது கேட்டுக்கொண்டேதான் இருந்தது. கொஞ்ச நேரத்தில் படபடப்பு அடங்கியது, போய்த் தூக்கினேன். அழுகை உடனே நிற்கவில்லை, ஆனால் என் கை பழையபடி மெதுவாகிவிட்டது.

இப்படி விலகிப் போகலாம், அதில் தப்பே இல்லை என்று எனக்கு முன்கூட்டியே சொல்லிவைத்தவர் ஒரு வயதான நர்ஸ், எங்களுக்குத் தெரிந்தவர், குழந்தையைப் பார்க்க வந்தபோது பேச்சோடு பேச்சாகச் சொன்னார். பிரசவம் ஆன ஆஸ்பத்திரியில் யாரும் சொல்லவில்லை. தொப்புளை எப்படிச் சுத்தமாக வைப்பது, பரிசோதனைக்கு எப்போது வருவது எல்லாம் அச்சடித்த தாளில் கொடுத்தார்கள். அந்தத் தாளில் இன்னும் நான்கு வரிக்கு இடம் இருந்தது. அந்த அம்மா அன்று வரவில்லையென்றால் எனக்கு இது தெரிந்தே இருக்காது. ஒரு பெற்றோருக்கு இது தெரிவதும் தெரியாமல் போவதும் இப்படி யாராவது எதேச்சையாக வந்து சொல்வதைப் பொறுத்து இருக்கக் கூடாது என்பதுதான் என் ஆதங்கம்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், இந்த அழுகைக்கு ஒரு கணக்கு இருக்கிறது, அதுவும் யாரும் சொல்வதில்லை. பெரி பிரேஸல்டன் என்ற அமெரிக்கக் குழந்தை மருத்துவர், 80 தாய்மார்களிடம் அவரவர் குழந்தை எப்போது எவ்வளவு நேரம் அழுகிறது என்று எழுதி வைக்கச் சொல்லி, அதை 1962-ல் வெளியிட்டார். இரண்டாவது வாரத்தில் ஒரு நாளைக்குச் சுமார் ஒன்றே முக்கால் மணி நேரம், ஆறாவது வாரத்தில் இரண்டே முக்கால் மணி நேரம், அப்புறம் குறைந்துகொண்டே போய் மூன்றாம் மாதத்தில் ஏறக்குறைய ஒரு மணி நேரத்துக்கு வந்துவிடுகிறது. பெரும்பாலும் சாயங்காலத்திலும் முன்னிரவிலும்தான் அதிகம். நல்ல ஆரோக்கியமான குழந்தைகளும் இப்படித்தான் அழுகின்றன. அந்த ஆறாவது வாரத்தில் "எனக்குக் குழந்தையைப் பார்த்துக்கொள்ளத் தெரியவில்லை, பால் போதவில்லை, நான் எதற்கும் லாயக்கில்லை" என்று உட்கார்ந்து அழுகிற எத்தனை பேருக்கு, இது உச்சம், இன்னும் சில வாரத்தில் இறங்கிவிடும் என்று யாராவது சொல்லியிருப்பார்கள்?

தூக்கமும் அப்படித்தான். பிறந்த குழந்தை ஒரு நாளில் 14 முதல் 17 மணி நேரம் தூங்குகிறது, ஆனால் துண்டு துண்டாக. சின்ன வயிறு, இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை பால் வேண்டும், இரவு எது பகல் எது என்று அதன் உடம்புக்குப் பிடிபடவே இரண்டு மூன்று மாதம் ஆகும். அந்தத் துண்டுகளுக்கு நடுவே நாம் தூங்க வேண்டும். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருந்தால் ஓரளவு குடித்தவரைப் போலக் கவனமும் கை வேகமும் மந்தமாகின்றன என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஓர் இரவு தூங்காதவர்களின் மூளையில், பயத்தையும் கோபத்தையும் கிளப்புகிற அமிக்டலா என்ற பகுதி 60 சதவீதம் அதிகமாகத் துடிப்பதை 2007-ல் அமெரிக்காவில் ஸ்கேன் எடுத்துக் காட்டினார்கள், அதை அடக்கி வைக்கிற முன்மூளையோடு அதற்கு இருக்கிற தொடர்பும் தளர்ந்துவிடுகிறதாம். அது ஒரே இரவு. மாதக்கணக்கில் விட்டு விட்டுத் தூங்குகிற தாய் சட்டென்று கத்தினால் அதை அவள் குணத்தோடு முடிச்சுப் போடுவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

சரி, கோபம் வந்தால் என்ன, போய்விடும் என்று இருக்க முடியாததற்குக் காரணம் இருக்கிறது. தாங்க முடியாத நேரத்தில் குழந்தையைப் பிடித்துக் குலுக்கிவிடுகிறார்கள். அடிக்கவில்லையே, குலுக்கத்தானே செய்தோம் என்று தோன்றும். கைக்குழந்தையின் தலை அதன் உடம்பு நீளத்தில் கால் பங்கு, கழுத்துத் தசைக்கு அதைத் தாங்குகிற பலம் கிடையாது. முன்னும் பின்னும் ஆடும்போது மூளை மண்டை ஓட்டுக்குள்ளேயே அலைந்து, மேலே இருக்கிற மெல்லிய ரத்தக் குழாய்கள் அறுந்து ரத்தம் கசிகிறது, கண்ணுக்குள்ளும் கசிகிறது. வெளியே ஒரு காயம்கூடத் தெரியாமல் இருக்கலாம். 1971-ல் பிரிட்டனைச் சேர்ந்த நரம்பியல் அறுவை மருத்துவர் நார்மன் கத்கெல்ச் இதைச் சுட்டிக்காட்டினார். சில வினாடிகள் போதும், பார்வை போகலாம், காலத்துக்கும் ஊனமாகலாம், உயிரே போகலாம். இதற்குத் தூண்டுதலாக மருத்துவர்கள் முதலில் சொல்வது, நிற்காத அழுகையைத்தான். மடியில் வைத்துக் கொஞ்சி ஆட்டுவதால் இப்படி ஆகாது, அதற்குப் பயப்பட வேண்டாம்.

அதனால் நான் கேட்பது இதுதான். குழந்தையை வீட்டுக்கு அனுப்புகிற ஒவ்வொரு இடத்திலும், தடுப்பூசித் தேதி சொல்கிற அதே குரலில், அம்மாவிடமும் அப்பாவிடமும் சேர்த்துச் சொல்லட்டும்: உங்களுக்குக் கோபம் வரும். கை இறுகுகிறது என்று தெரிந்ததும் குழந்தையைத் தொட்டிலிலோ வேறு பாதுகாப்பான சமமான படுக்கையிலோ மல்லாக்கப் படுக்க வையுங்கள், பக்கத்தில் தலையணை, போர்வை எதுவும் வேண்டாம். கதவைச் சாத்திவிட்டு வேறு அறைக்குப் போங்கள். ஐந்து பத்து நிமிஷம் அழுதால் குழந்தைக்கு ஒன்றும் ஆகாது. யாருக்காவது போன் போடுங்கள், முகம் கழுவுங்கள், நிதானம் வந்ததும் திரும்பிப் போங்கள்.

அழுகை வழக்கமானதுதானா என்பதையும் பார்க்கத்தான் வேண்டும். மூன்று மாதத்துக்குள் இருக்கிற குழந்தைக்கு 38 டிகிரி செல்சியஸோ அதற்கு மேலோ காய்ச்சல் இருந்தால், பச்சையாக வாந்தி எடுத்தால், பால் குடிக்காமல் துவண்டு கிடந்தால் காத்திருக்காமல் மருத்துவரிடம் ஓட வேண்டும்.

இன்னொன்று. பிரசவத்துக்குப் பிறகு வருகிற மனச்சோர்வு என்றால் மூலையில் உட்கார்ந்து அழுகிற பெண்தான் நம் மனதில் வருகிறாள். அது எரிச்சலாகவும் கோபமாகவும்கூட வரும், அதனால்தான் பல வீடுகளில் "திமிர்" என்று பெயர் வாங்கிக்கொண்டு கண்டுபிடிக்கப்படாமலே போகிறது. பிரசவமான பெண்களில் சுமார் 13 சதவீதம் பேருக்கு மனநலப் பாதிப்பு, முக்கியமாக மனச்சோர்வு, வருகிறது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அப்பாக்களுக்கும் வருகிறது, பத்தில் ஒருவருக்கு என்பது போல. எடின்பரோ அளவுகோல் என்று பத்தே கேள்விகள் உள்ள ஒரு தாள் 1987-லிருந்தே இருக்கிறது, நிரப்ப ஐந்து நிமிஷம் போதும். குழந்தையை எடை போடப் போகிற அன்று அம்மாவிடம் இந்தத் தாளைக் கொடுத்தால் என்ன? கூடவே ரத்தச்சோகையும் தைராய்டும் இருக்கிறதா என்று ஒரு ரத்தப் பரிசோதனை, ஏனென்றால் அந்த இரண்டும்கூட ஆளை இப்படித்தான் அடித்துப் போடும். பிரசவமான பெண்ணுக்கு இல்லாத குரல் கேட்டாலோ, குழந்தையைப் பற்றி விபரீதமான நம்பிக்கைகள் வந்தாலோ அது அவசரம், அன்றைக்கே மருத்துவரிடம் கூட்டிப் போக வேண்டும்.

வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. "ஏதாவது உதவி வேண்டுமென்றால் சொல்லு" என்று சொல்லிவிட்டுப் போகாதீர்கள், அந்த நிலையில் இருப்பவளுக்கு எதைக் கேட்பது என்று யோசிக்கவே தெம்பு இருக்காது. குழந்தையை வாங்கிக்கொண்டு அவளைப் படுக்க அனுப்புங்கள், நான்கு ஐந்து மணி நேரம் எழுப்பாதீர்கள். எங்கள் வீட்டில் இரவை இரண்டாகப் பிரித்துக்கொண்டோம், முன்னிரவு அவர், பின்னிரவு நான், எடுத்து வைத்த பாலை அவர் கொடுத்துவிடுவார். என்னை அதிகம் மாற்றியது இந்த ஏற்பாடுதான். தனியாகக் குழந்தையை வளர்க்கிறவர்களுக்கு அந்த வசதிகூட இல்லை, அவர்கள் வீட்டுக்கு வாரத்தில் ஒரு மதியமாவது யாராவது போய் நின்றால் பெரிய விஷயம். "நாங்கள் எல்லாம் நாலு பெற்று வளர்க்கவில்லையா" என்று மட்டும் தயவுசெய்து சொல்லாதீர்கள். அதைக் கேட்ட பிறகு அந்தப் பெண் யாரிடமும் வாய் திறக்க மாட்டாள்.

இதை வெளியிட்டால் பெண்கள் பக்கத்தில் மட்டும் போட்டு நிறுத்திவிடாதீர்கள், அப்பாக்களும் படிக்கிற பக்கத்தில் போடுங்கள். இடம் போதாவிட்டால் என் கதையை வெட்டிவிடலாம், கோபம் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று எழுதியிருக்கிற அந்த ஒரு பத்தியை மட்டும் கட்டம் கட்டிப் போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி