தீர்த்தச் சுனை, கழிப்பிடம், உலர்களம்: திருப்பணி நிறைவு அறிக்கை

உறுப்பினர் பெருமக்களுக்கும் நன்கொடை தந்த அன்பர்களுக்கும் வணக்கம்.

சேர்வராயன் மலையில் நம் ஊர் மாரியம்மன் கோயிலை ஒட்டிய தீர்த்தச் சுனையைக் கட்டுதல், அதன் கீழே 10,000 லிட்டர் தொட்டியும் தெருக்குழாய்களும் அமைத்தல், சுனைக்கு மேற்புறம் இருந்த பழைய கழிவுக் குழிகளைத் தூர்த்துப் புதிய கழிப்பிடங்கள் எழுப்புதல், ஊர்ப் பொதுவில் உலர்களம் போடுதல் ஆகிய நான்கு வேலைகளும் முடிந்து, கணக்கும் சரிபார்க்கப்பட்டுவிட்டது. வரவு செலவுத் தாள் கோயில் முன்மண்டபத்தில் ஒட்டப்பட்டிருக்கிறது. ரசீதுகளைப் பார்க்க விரும்புவோர் பொருளாளரிடம் கேட்டு வாங்கிப் பார்க்கலாம். தாளின் கட்டங்களுக்குள் அடங்காதவற்றை மட்டும் இங்கே எழுதுகிறோம்.

சென்ற பொதுக்குழுவில் மூத்த உறுப்பினர் ஒருவர் எழுந்து, கோயில் விமானத்துக்கு வர்ணம் வெளுத்துக் கிடக்கும்போது கக்கூசுக்கு வசூல் செய்வதைத் திருப்பணி என்று எந்த வாயால் சொல்வது என்று கேட்டார். கேள்வி நியாயமானதுதான், அன்று கூச்சலில் அவருக்கு முழுப் பதில் சொல்ல முடியவில்லை. அம்மனுக்கு அபிஷேகத்துக்கு எடுக்கும் தீர்த்தமும் ஊர்ப்பிள்ளைகள் குடிக்கும் தண்ணீரும் ஒரே ஊற்றிலிருந்து வருகின்றன. அந்த ஊற்றின் தலைமாட்டில் கழிவுக் குழிகளை வைத்துக்கொண்டு கோயிலுக்கு வர்ணம் பூசுவதற்குக் குழுவினர் யாருக்கும் மனம் வரவில்லை. முந்தைய ஐப்பசி மழையில் வயிற்றுப்போக்கு பரவி, ஒரு சிறுவனை நள்ளிரவில் இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கிச் சேலத்துக்குக் கொண்டுபோனதும், அவன் பெற்றோர் இருவரும் காப்பி எடுக்கும் பருவத்தில் இரண்டு வாரக் கூலியை இழந்ததும் எல்லோருக்கும் நினைவிருக்கும்.

சுனை வேலையில் நேர்ந்த பிழையை மறைக்காமல் எழுதுவது எங்கள் கடமை. ஊற்றுக்கண் வரை மண்ணைத் தோண்டி, பாறை தென்பட்டதும் கருங்கல்லும் ஜல்லியும் அடுக்கி, முன்னால் கான்கிரீட் பெட்டி கட்டி, மேலே களிமண் இறுக்கி மூடுவது முறை. தொட்டிக்குத் தண்ணீர் வேகமாக இறங்க வேண்டும் என்ற ஆசையில், வெளிக்குழாயையும், மிகுநீர் வழிந்தோடும் வழிகுழாயையும் ஊற்றுக்கண்ணைவிட ஒன்றரை அடி உயர்த்தி வைக்கச் சொன்னோம். மேஸ்திரி தயங்கினார், நாங்கள்தான் வற்புறுத்தினோம். பெட்டி நிரம்பிய நாலாம் நாள் வரத்து குறைந்தது, ஏழாம் நாள் குழாய் காற்று வாங்கியது. தேடிப் போனால், இருபதடி தள்ளிக் கீழ்க்காட்டில் காப்பிச் செடிகளின் வேரடியில் தண்ணீர் நிம்மதியாக ஓடிக்கொண்டிருந்தது. பெட்டியில் தேங்கிய நீரின் அழுத்தம் ஊற்றை உள்ளே தள்ள, அது பாறை இடுக்கில் வேறு வழி பார்த்துக்கொண்டது. கடப்பாறை போட்ட அன்றே, "சுனை தலைமேல பாரம் ஏத்தாதீங்க சாமி, கோவிச்சுக்கிட்டுப் போயிரும்" என்று மேலத்தெருப் பாட்டி சொன்னதைச் சிரித்துத் தள்ளியிருந்தோம். முன்சுவரை உடைத்துக் குழாய்களை ஊற்றுக்கண்ணுக்குக் கீழே இறக்கிய பிறகு, மூன்றாம் வாரத்தில் வரத்து பழையபடி திரும்பியது. இதற்கான கூடுதல் செலவு கணக்கில் தனி வரியாக இருக்கிறது. பாதியைக் குழுவினர் கைப்பணத்தில் கட்டினோம்.

சுனைநீர் தெளிவாக இருப்பதாலேயே அதற்கு மருந்து வேண்டாம் என்று சிலர் சொல்கிறார்கள். தெளிவு கண்ணுக்குத்தான், கிருமி கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆயிரம் லிட்டருக்கு 2.5 கிராம் நல்ல பிளீச்சிங் பவுடர் என்ற அளவில், தொட்டி நிறையும் ஒவ்வொரு முறையும் 25 கிராமைக் கரைத்து, தெளிந்த நீரை மட்டும் ஊற்றி, ஒரு மணி நேரம் கழித்தே குழாயைத் திறக்கிறோம். அதன்பின் லிட்டருக்கு அரை மில்லிகிராம் குளோரின் மிச்சம் நிற்க வேண்டும். பிளஸ் டூ படிக்கும் இரண்டு பெண்கள் குளோரோஸ்கோப் குழாயில் சொட்டு மருந்து விட்டு, மஞ்சள் நிறம் எவ்வளவு ஏறுகிறது என்று பார்த்து நோட்டில் எழுதுகிறார்கள். தீர்த்தத்தில் மருந்து வாடை கூடாது என்று பூசாரி கேட்டுக்கொண்டதால், அபிஷேக நீருக்குப் பெட்டியிலிருந்து நேரே ஒரு சிறு குழாய் விட்டிருக்கிறோம்.

கழிப்பிடங்கள் இப்போது சுனைக்குக் கீழ்ச்சரிவில், நீர் ஆதாரத்திலிருந்து 15 மீட்டருக்கு மேல் தள்ளி இருக்கின்றன. இரட்டைக் குழி முறை: ஒன்று நிறைந்தால் மற்றதற்குத் திருப்பிவிட்டு, மூடியதை இரண்டு ஆண்டு ஆறப்போட்டால் எருவாகிவிடும். இதைச் சுகாதாரச் செலவு என்று மட்டும் எழுதி முடிக்க எங்களுக்கு மனமில்லை, ஏனென்றால் காப்பித் தோட்டத்தின் நிழலும் ஈரமண்ணும் கொக்கிப்புழுவுக்குத் தோதான இடம். மலம் கலந்த மண்ணில் பொரிக்கும் புழு, செருப்பில்லாத காலின் தோலைத் துளைத்துக் குடலுக்குப் போய் இரத்தத்தை உறிஞ்சும். ஆள் படுக்கையில் விழமாட்டார், வெளுத்துப்போய், மேடேறினால் மூச்சு வாங்கி, முழுக்கூலி வேலையில் முக்கால்வாசிதான் செய்வார். அமெரிக்காவின் தென் மாநிலங்களில் இந்தப் புழுவை விரட்ட 1909இல் எண்ணெய்ச் செல்வந்தர் ராக்பெல்லர் பத்து லட்சம் டாலர் நன்கொடை அளித்தார். புழு அதிகம் இருந்த வட்டாரங்களில் அதன்பின் பிள்ளைகள் பள்ளிக்குப் போவது கூடியதைப் பிற்காலப் பொருளாதார ஆய்வாளர்கள் எடுத்துக் காட்டினார்கள். 1920களில் அவருடைய அறநிதி சென்னை மாகாணத்திலும் அதே பணிக்குச் செலவிடப்பட்டது. இன்று மாத்திரைக்கு யாரிடமும் கையேந்த வேண்டியதில்லை; பிப்ரவரி 10, ஆகஸ்ட் 10 ஆகிய குடற்புழு நீக்க நாட்களில் பள்ளியிலும் அங்கன்வாடியிலும் அல்பெண்டசோல் இலவசம். ஆனால் மாத்திரை விழுங்கிய பிள்ளை அதே மண்ணில் வெறுங்காலோடு நடந்தால் ஆறு மாதத்தில் பழைய கதைதான்.

உலர்களம் குறித்து அதிகம் பேச வேண்டியதில்லை. போன மிளகுப் பருவத்திலேயே பயன் தெரிந்துவிட்டது. நூறு கிலோ பச்சை மிளகு காய்ந்தால் ஏறத்தாழ 33 கிலோதான் நிற்கும், அதுவும் ஈரம் 12 சதவீதத்துக்குள் இறங்காவிட்டால் மூட்டைக்குள் பூசணம் பிடிக்கும். சாணி மெழுகிய வாசலில் காயவைத்ததைச் சேலம் செவ்வாய்ப்பேட்டை வியாபாரி கையில் அள்ளி முகர்ந்து பார்த்தே விலையைக் குறைப்பார். அதற்குப் பயந்து பலர் கொடியிலேயே பச்சையாக விலைபேசி விட்டுவிடுவார்கள். இப்போது பெண்கள் மிளகைக் கூடையோடு கொதிநீரில் ஒரு நிமிடம் முக்கி எடுத்து, சிமென்டு தளத்தில் பரப்புகிறார்கள்; நிறம் ஒரே கறுப்பாக ஏறுகிறது. முன்பு குடத்தோடு சுனைக்கு நடந்த நேரம்தான் இந்த வேலைக்குக் கிடைத்த நேரம். முறை வைப்பதில் இரு தெருக்களுக்கு இடையே ஒரு சச்சரவு எழுந்தது. சீட்டுக் குலுக்கித் தீர்த்தோம்.

இனிப் பணத்தைப் பற்றி. உலர்களத்தை ஊராட்சி வழியாக நமக்கு நாமே திட்டத்தில் செய்தோம். 1997இல் தொடங்கிய அத்திட்டத்தில், பொதுவாக மதிப்பீட்டின் மூன்றில் ஒரு பங்கை மக்கள் கட்டினால் மீதியை அரசு ஏற்கும் என்பதால், நீங்கள் தந்த ஒரு ரூபாய் களத்தில் மூன்று ரூபாயாக நிற்கிறது. நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதிக்காக ஓரிடத்தில் விண்ணப்பித்தோம். 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி பெரிய நிறுவனங்கள் இலாபத்தில் 2 சதவீதத்தை இத்தகைய பணிகளுக்கு ஒதுக்க வேண்டும் என்றாலும், நம் குழு பதிவு பெறாதது என்பதோடு, மண்ணுக்கடியில் இருக்கும் குழியைப் படம் எடுத்து என்ன செய்வது என்ற தயக்கமும் அவர்களுக்கு இருந்ததாகத் தெரிந்தது. திருப்பூரில் பனியன் கம்பெனிகளுக்குப் போன நம் ஊர்ப் பிள்ளைகள் மாதாமாதம் போனில் அனுப்பிய சிறு தொகைகளும், பணமில்லாதோர் கொடுத்த ஆள்நாட்களும், ஒரு தோட்டக்காரர் மணல் ஏற்ற இலவசமாக ஓட்டிய ஜீப்புமே இந்த வேலையை முடித்தன.

தொட்டியில் பெயர்க்கல் பதிக்க மூன்று அன்பர்கள் விரும்பினார்கள். மறுத்ததில் ஒருவர் வருத்தப்பட்டார், அவருக்கு எங்கள் மன்னிப்பு. கட்டுவதற்குக் கேட்டவுடன் கை நீள்கிறது, பராமரிப்புக்குக் கேட்டால் தயங்குகிறது. கல் கேட்ட மூவரில் இருவர் இப்போது பவுடருக்கும் குழாய் வாஷருக்கும் மாதச் சந்தா ஏற்றிருக்கிறார்கள். ஒரு கிலோ பவுடர் நாற்பது முறைக்கு வரும், விலையும் பெரிதல்ல. ஆனால் மலை ஈரத்தில் டப்பா திறந்து கிடந்தால் வீரியம் போய்விடும் என்பதால் மொத்தமாக வாங்கி அடுக்க முடியாது, மாதந்தோறும் புதிதாக வாங்கியாக வேண்டும். செலவுபோக எஞ்சிய தொகை இதற்காகவே கூட்டுறவு வங்கியில் வைப்பாக இடப்பட்டுள்ளது. வட்டி மட்டும் போதாது, மாதச் சந்தா ஏற்போர் இன்னும் பன்னிரண்டு பேர் தேவை.

சுனைப் பெட்டியின் ஒரு சாவி பூசாரியிடமும், மற்றொன்று மேலத்தெருப் பாட்டி வீட்டிலும் இருக்கிறது. மழைக்கு முன் வடிகாலைத் தூர்வாரும் நாளைப் பாட்டியே குறித்துச் சொல்வார். வீட்டுக்கு ஒருவர் மண்வெட்டியோடு வரவும்.

இப்படிக்கு,
திருப்பணிக் குழுவினர்