சால்வை வேண்டாம், பஸ் காசு கொடுங்கள்

நம் பள்ளி முன்னாள் மாணவியர் சங்க நிர்வாகிகளுக்கும், குழுவில் இருக்கும் அக்காமாருக்கும் தங்கைகளுக்கும் வணக்கம்.

பாட்டு டீச்சர் பெயரில் திரட்டும் நிதி ஐந்து லட்சத்தைத் தொட்டுவிட்டது என்று பொருளாளர் அக்கா போட்டிருந்தார். சந்தோஷம். அதன் கீழேயே வந்த தீர்மானத்தைப் பார்த்த பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன். ஆண்டு வட்டி 35,000 ரூபாயை ஏழாகப் பிரித்து, இசைப் போட்டியில் ஜெயிக்கிற ஏழு பிள்ளைகளுக்கு ஆளுக்கு ஐயாயிரம். ஆண்டு விழா மேடையில் சால்வை, கேடயம், போட்டோ. இதற்குப் பதிலைக் குழுவில் எழுதினால் அரை மணி நேரத்தில் குட் மார்னிங் படங்களுக்குள் புதைந்துவிடும். அதனால் மடலாகவே எழுதுகிறேன். வேறு ஊர்ப் பள்ளிகளில் இப்படி நிதி சேர்ப்பவர்கள் படித்தாலும் நல்லதுதான்.

பாட்டுச் சொல்லிக்கொடுத்துக்கொண்டே மேலே படிக்க நினைக்கிற ஆசிரியர் ஒருவருக்கு அந்தப் பணம் முழுவதும் போகட்டும். வருஷத்துக்கு ஒருவர். இதுதான் நான் கேட்பது.

இளசுகளுக்கு ஏதோ கொஞ்சம் வழி இருக்கிறது. 18 முதல் 25 வயதுள்ள இளம் கலைஞர்களுக்கு மத்திய கலாசார அமைச்சகம் மாதம் 5,000 ரூபாய் வீதம் இரண்டு ஆண்டுகள் உதவித்தொகை தருகிறது. மார்கழி வந்தால் சபாக்களில் மறைந்த வித்வான்களின் பெயரால் இளம் பாடகர்களுக்குப் பரிசுகள். 25 தாண்டியவர்களுக்கும் அதே அமைச்சகத்தில் ஃபெலோஷிப் உண்டு, ஆனால் அது ஆய்வுத் திட்டத்துக்கு. 35 வயதில், வீட்டில் இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு, பள்ளியில் சரளி வரிசை என்கிற ஆரம்பப் பாடம் எடுத்துக்கொண்டு, எம்.ஏ. படிக்க ஆசைப்படுகிறவர் எங்கே போவார்?

டீச்சரும் அப்படி ஆசைப்பட்டவர்தான். உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும் என்று எனக்குத் தெரியாது. அரசு இசைத் தேர்வில் லோயர், ஹையர் இரண்டு கிரேடும் முடித்து, டி.டி.சி. என்கிற ஆசிரியர் பயிற்சிச் சான்றிதழும் வாங்கிவிட்டு நம் பள்ளிக்கு வந்தார். பள்ளியில் பாட்டுச் சொல்லித்தர அது போதும். ஆனால் கடைசிவரை மேனேஜ்மென்ட் போஸ்டிங், அதாவது பள்ளி நிர்வாகமே சம்பளம் தரும் வேலை. பக்கத்து வகுப்பில் கணக்கு டீச்சர் அரசுச் சம்பளம் வாங்க, இவர் அதில் கால்வாசிக்குக் கையெழுத்துப் போட்டார். காலேஜ் லீவில் ஒருமுறை பார்க்கப் போனேன். தம்புராவுக்குத் தந்தி மாற்றிக்கொண்டே, திருவையாறு இசைக் கல்லூரியில் இடம் கிடைத்தும் போகாமல் விட்டதைச் சொன்னார். ஏன் என்று கேட்டேன். "ஃபீஸ் ஒண்ணும் பெரிசில்லடி. போற நாளுக்குச் சம்பளம் யாரு தருவா?" என்றார். அப்புறம் சுருதி சேர்ந்துவிட்டதா என்று காதை வைத்துப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

உதவித்தொகை என்றதும் நமக்கு ஃபீஸ் கட்டுவதுதான் நினைவுக்கு வருகிறது. சென்னை, திருவையாறு, மதுரை, கோவை என்று அரசு இசைக் கல்லூரிகள் இருக்கின்றன. 2013-இல் இசைக்கென்றே ஒரு பல்கலைக்கழகமும் வந்துவிட்டது. ஆசிரியரைத் தடுப்பது கல்லூரி வாசலில் கட்டும் பணம் அல்ல. லீவு போட்டால் பிடித்தம். சாயங்காலம் வீட்டில் எடுக்கிற டியூஷனை ஒரு மாதம் நிறுத்தினால் பிள்ளைகள் வேறு டீச்சரிடம் போய்விடும். பரீட்சை முடிந்ததும் அவர்கள் திரும்பி வரப்போவதில்லை. அதற்கு மேல் பஸ் காசு.

அரசுப் பள்ளிகளிலாவது நிலைமை வேறா என்றால், அதுவும் இல்லை. 2012-இல் ஓவியம், தையல், இசை, உடற்கல்வி போன்ற பாடங்களுக்கு 16,549 பகுதிநேர ஆசிரியர்களை எடுத்தார்கள். வாரத்துக்கு மூன்று அரை நாள், மாதம் 5,000 ரூபாய். தொகை பிறகு உயர்ந்தது, சரி. ஆனால் மே மாதச் சம்பளத்துக்கே ஆண்டுக்கணக்கில் போராடியவர்கள் அவர்கள்.

"ஸ்கூலில் சொல்லித்தர எதற்கு எம்.ஏ.?" என்று குழுவில் ஒரு தங்கை கேட்டிருந்தாள். நியாயமான கேள்விதான். காலை முதல் சாயங்காலம் வரை நாற்பது பிள்ளைகளின் சுருதிக்கு ஏற்றபடி மாயாமாளவகௌளை ராகத்திலேயே சரளி, ஜண்டை என்று ஆரம்பப் பாடங்களையே பாடிப் பாருங்கள். பத்து வருஷத்தில் சாரீரம், அதாவது குரல், அந்த இடத்திலேயே நின்றுவிடும். ஒரு இராகத்தை உட்கார்ந்து விரித்துப் பாடி ஆலாபனை செய்ய நேரம் இருக்காது, கேட்டுத் திருத்த ஆளும் இருக்காது. பாடும்போதே மனதில் கோத்துப் பாடுகிற கற்பனை ஸ்வரம் கைவிட்டுப் போகும். சொல்லிக்கொடுப்பவருக்கு மறுபடியும் ஒரு குரு கிடைப்பதைத்தான் நான் மேல்படிப்பு என்கிறேன். பட்டம் அதோடு சேர்ந்து வரட்டும். தபாலில் படிக்கலாமே என்பீர்கள். லட்சணம், அதாவது இசையின் இலக்கணம், தபாலில் வரும். ஸ்வரத்தை அசைத்துப் பாடுகிற கமகம் வராது.

இது புது யோசனையும் அல்ல. சென்னை மியூசிக் அகாடமி 1931-லேயே இசை ஆசிரியர்களுக்கென்று ஒரு கல்லூரி தொடங்கியது. டைகர் வரதாச்சாரியார் போன்ற ஒருவரை அதற்கு முதல்வராக வைத்தார்கள். பள்ளியில் பாட்டு எடுப்பவருக்கு அவ்வளவு பெரிய வித்வான் எதற்கு என்று அன்றைக்கு யாரும் நினைக்கவில்லை.

பாட்டு டீச்சர் எதற்கு என்பவர்களுக்கு இன்னொன்று. 2021 டிசம்பரில் தமிழ்த்தாய் வாழ்த்தை மாநிலப் பாடலாக அறிவித்த அரசாணை, அதை முல்லைப்பாணியில், அதாவது மோகனத்தில், 55 விநாடியில் பாட வேண்டும் என்றது. விழாக்களில் இசைத்தட்டு போடாமல் வாயால் பாடச் சொன்னது. நம் டீச்சர் அதைப் பல வருஷமாகத் தினமும் பிரேயரில் செய்துகொண்டிருந்தார். மைக் கெட்டுப்போன நாட்களிலும்!

சரி, எப்படிக் கொடுப்பது? மாதம் 3,500 வீதம் பத்து மாதம், நேராக வங்கிக் கணக்கில். அதற்கு ரசீதும் பில்லும் கேட்க வேண்டாம். பஸ்ஸுக்கோ பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் பாட்டிக்கோ, அவர் இஷ்டம். வயது வரம்பு வேண்டாம். வாய்ப்பாட்டு மட்டும் என்று வைக்காதீர்கள். தேவாரம், நாதசுரம், தவில் சொல்லித்தருபவர்களும் கேட்கட்டும். பள்ளியில் வேலை இல்லாமல் வீட்டுத் திண்ணையில் வகுப்பு எடுப்பவரிடம் லெட்டர்பேடு இருக்காது. இரண்டு பெற்றோர் கையெழுத்துப் போட்டால் ஏற்றுக்கொள்ளுங்கள்.

படித்து முடித்ததும் மூன்று வருஷம் அதே பள்ளியில் வேலை செய்ய வேண்டும் என்று பாண்டு எழுதி வாங்கலாம் என ஒரு அக்கா சொன்னார். வேண்டாம் அக்கா. பாதிச் சம்பளத்துக்கு ஒருவரைக் கட்டிப்போட நம் பணம் உதவக் கூடாது. அவர் கல்லூரி ஆசிரியர்களுக்கான நெட் தேர்வு எழுதி ஒரு கல்லூரிக்குப் போய்விட்டால் நமக்கு என்ன நஷ்டம்?

பரிசு இல்லையென்றால் ஆண்டு விழாவில் டீச்சர் பெயரே கேட்காதே என்ற கவலை புரிகிறது. போட்டியில் ஜெயிக்கிற பிள்ளைகளுக்கு நல்ல சுருதிப்பெட்டி ஒன்றைப் பொதுவில் வாங்கிப் பள்ளியில் வைப்போம், அதில் டீச்சர் பெயர் இருக்கட்டும். அந்தச் செலவில் பாதி என்னுடையது.

அடுத்த கூட்டம்வரை ஏழு பரிசுத் தீர்மானத்தை நிறுத்தி வையுங்கள். விண்ணப்பப் படிவத்தை நான் எழுதிக் கொண்டுவருகிறேன். ஒரே பக்கம்தான், தமிழில்.

அன்புடன்,
கடைசி வரிசையில் உட்கார்ந்து தாளம் தப்பியவள்