கார்டைத் தொடாதீர்கள், அண்ணாச்சி

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

கோயில் கொடைக்கு எடுத்த படங்கள் இருந்த மெமரி கார்டைக் கேமராவிலேயே ஃபார்மட் செய்துவிட்டீர்கள் என்று மதினி போனில் சொன்னார்கள். அதன்பின் ஒரு படமும் எடுக்கவில்லை என்றார்கள். அதுதான் பெரிய ஆறுதல். கார்டை இப்போதே கழற்றி, பக்கவாட்டில் இருக்கும் சின்னப் பூட்டைக் கீழே தள்ளி, பீரோவில் வைத்துவிடுங்கள்.

சாதாரண ஃபார்மட்டில் அழிவது எந்தப் படம் எங்கே இருக்கிறது என்ற பட்டியல்தான். படங்கள் பெரும்பாலும் அப்படியே கிடக்கும், அந்த இடத்தில் வேறொன்று எழுதப்படும் வரை. 'கார்டு வேலை செய்கிறதா பார்ப்போம்' என்று பேரனை நாலு படம் எடுத்தீர்களானால், அந்த அளவுக்கு வில்லுப்பாட்டு போய்விடும். கார்டு முழுவதையும் துடைத்துவிடும் 'லோ லெவல் ஃபார்மட்' என்ற கட்டத்தை டிக் செய்திருந்தால் மட்டும் கஷ்டம்.

மீட்பதற்கு ஃபோட்டோரெக் என்று ஒரு மென்பொருள் இருக்கிறது. இலவசம்தான். கறுப்புத் திரையில் வெறும் எழுத்தாக வரும், பார்க்க லட்சணமாக இருக்காது. ஆனால் வேலையில் சுத்தம். பட்டியலை நம்பாமல் கார்டு முழுக்கத் துழாவி, ஒரு ஜேபெக் படம் எப்படித் தொடங்கும் என்ற அடையாளத்தை வைத்துப் படங்களைப் பொறுக்கி எடுக்கும். அதனால் பழைய பெயர்கள் திரும்பாது. எஃப் என்ற எழுத்தும் நீள நீள எண்களுமாக வரும். பயப்பட வேண்டாம், எடுத்த தேதியும் நேரமும் படத்துக்குள்ளேயே பதிந்திருக்கும். அதை வைத்து மதியக்கொடையையும் சாமக்கொடையையும் பிரித்துவிடலாம். வீடியோக்களுக்கு மட்டும் உறுதி சொல்ல மாட்டேன். துண்டு துண்டாக எழுதப்பட்டிருந்தால் ஓடாது. யாரிடம் கொடுத்தாலும் ஒன்று சொல்லிவிடுங்கள்: மீட்டதை அதே கார்டில் சேமிக்கக் கூடாது.

இது கார்டு என்பதால்தான் இவ்வளவு தைரியமாகச் சொல்கிறேன். இன்றைய போனுக்குள் இருந்து அழித்ததை இப்படி எடுப்பது ஏறக்குறைய நடக்காத காரியம், உள்ளே எல்லாம் பூட்டி எழுதப்பட்டிருக்கும்.

சரி, 'போனில் இருப்பதெல்லாம் கூகுளில் ஏறிவிடுகிறதே' என்பீர்கள். ஏறுகிறதுதான். ஆனால் கூகுள் ஃபோட்டோஸில் ஒரு படத்தை அழித்தால் போனிலும் போகும், அங்கேயும் போகும். ஏறிய படமென்றால் குப்பைத் தொட்டியில் 60 நாள் இருக்கும், அவ்வளவே. இலவச இடம் 15 ஜிபி, அதில் மெயிலுக்கும் பங்கு உண்டு. 2021 ஜூன் 1 முதல் சுருக்கி ஏற்றும் படங்களும் அந்தக் கணக்கில்தான் சேரும். இடம் நிறைந்தால் ஏறுவது நின்றுவிடும், போனில் வரும் எச்சரிக்கையை நீங்கள் தள்ளிவிட்டுப் போய்விடுவீர்கள்.

மற்றதெல்லாம் எங்கே இருக்கிறது? கம்ப்யூட்டரும் ஹார்ட் டிஸ்க்கும் கல்யாண ஆல்பங்களும் ஆற்றோரச் சிந்துபூந்துறை வீட்டில் ஒரே அலமாரியில். 2023 டிசம்பர் 17, 18-ல் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 செ.மீ. மழை கொட்டியபோது தாமிரபரணி என்ன செய்தாள் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஒரே வீட்டில் நாலு நகல் வைத்தாலும் வெள்ளத்துக்கு அது ஒன்றுதான். குறுக்குத்துறை முருகன் கோயிலில் ஆறு ஏறும்போது உற்சவரை மேலக்கோயிலுக்குக் கொண்டுபோய்விடுகிறார்களே, அந்த ஏற்பாடு நம் படங்களுக்கும் வேண்டும். (டிஸ்க் நனைந்தே போனாலும், காயவைத்துச் செருகிப் பார்க்காதீர்கள். மின்சாரம் கொடுக்காமல் தகவல் மீட்பவர்களிடம் கொண்டுபோவதே நல்லது.)

எனக்குத் தோன்றுவது இதுதான். டிஸ்க் இரண்டாக வாங்குங்கள். ஒன்று உங்களிடம், இன்னொன்று தென்காசியில் மகள் வீட்டில். குற்றாலம் சீசனுக்கு எப்படியும் போவீர்கள், தீபாவளிக்கு அவள் வருவாள். அப்போதெல்லாம் மாற்றிக்கொள்ளுங்கள். மாற்றும்போது பழைய வருடங்களில் இருந்து சில படங்களைத் திறந்து பாருங்கள். பெயர் மட்டும் இருந்து படம் திறக்காத டிஸ்க்குகள் நிறைய உண்டு. அப்புறம், வாட்ஸ்அப்பில் மகளுக்கு அனுப்பியதை நகல் என்று கணக்கில் சேர்க்காதீர்கள். சாதாரணமாக அனுப்பினால் அது படத்தைச் சுருக்கிவிடும்.

அடுத்த வாரம் லேப்டாப்போடு வருகிறேன். அதற்குள் ஒரு டிஸ்க்காவது வாங்கிவிடுங்கள், கார்டில் இருந்து எடுப்பதைக் கொட்டி வைக்க இடம் வேண்டும்.

அன்புடன்,
உங்கள் தம்பி