ஆட்டை ஆறு என்று எழுதிய சார்ஜனுக்கும் மற்றவர்களுக்கும்

எங்கள் சந்திப் பொலிஸ் நிலையத்தின் பொறுப்பதிகாரி ஐயாவுக்கும், அங்கே கடமையில் இருக்கும் அனைவருக்கும், இந்த ஒரு வருடமாக அவர்களுக்குத் தோள் கொடுத்த ஊரவர்களுக்கும் வணக்கம்.

நான் ஓய்வுபெற்ற உபதபால் அதிபர். கடிதம் எழுதத் தெரிந்தவன் என்ற ஒரே குற்றத்துக்காகக் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் செயலாளர் பதவி என் தலையில் ஏற்றப்பட்டிருக்கிறது. மார்கழிக் கூட்டத்தில், பொலிஸ் நிலையத்துக்கு ஒரு நன்றி மடல் எழுதவேண்டும் என்று தலைவர் சொன்னபோது, பொதுநோக்கு மண்டபத்தில் சிறிது நேரம் மின்விசிறிச் சத்தம் மட்டுமே கேட்டது. வன்னியில் எவரும் பொலிஸுக்கு நன்றி எழுதிப் பழகியதில்லை. 2009இல் எல்லாவற்றையும் விட்டு வெளியேறி, முகாமில் இருந்து, பிறகு பற்றை மண்டிய காணிக்குத் திரும்பித் தறப்பாள் கொட்டிலில் படுத்தெழும்பிய சனம் நாங்கள். காக்கிச் சட்டை படலையில் நின்றால், பதிவுக்கோ விசாரணைக்கோ என்றுதான் முதலில் நெஞ்சு இடிக்கும்.

பின்வரிசையில் இருந்து ஒரு தாய் எழுந்தார். காணாமலாக்கப்பட்டோரின் உறவுகள் 2017 பெப்ரவரி 20 அன்று கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்றலில் அமர்ந்தார்களே, அன்றிலிருந்து அந்தப் பந்தலுக்குப் போய்வருபவர். "என் மகனைப் பற்றிக் கொடுத்த முறைப்பாட்டுக்கும் சேர்த்தா நன்றி சொல்லப்போகிறீர்கள்?" என்று கேட்டார். அதற்கில்லை என்றேன். "அப்படியானால் அதற்கில்லை என்று எழுதுங்கள்" என்றார். எழுதிவிட்டேன். இனி நன்றி.

தபால் கந்தோரில் இருந்த காலத்திலேயே ஊரவர்களுக்கு முறைப்பாட்டுக் கடிதம் எழுதிக் கொடுத்தவன் நான். மாடு களவு போனது, எல்லை வேலியைத் தள்ளிப் போட்டது, வெளிநாட்டுக்கு அனுப்புகிறேன் என்றவன் காசோடு மறைந்தது என்று எத்தனையோ. நல்ல தமிழில், காற்புள்ளி அரைப்புள்ளியோடு எழுதிக் கொடுப்பேன். அதைக் கொண்டு போனால், நான் கண்ட நிலையங்களில், சிங்களத்தில் புத்தகத்தில் பதிந்துவிட்டுக் கீழே கையொப்பம் கேட்பார்கள். தான் சொன்னதுதான் அங்கே எழுதியிருக்கிறதா என்று தெரியாமலே மனிதர் கையொப்பம் வைத்துவிட்டு வருவார். வடக்கிலும் கிழக்கிலும் நிர்வாக மொழி தமிழ், பதிவேடுகளும் தமிழிலேயே என்று அரசியலமைப்பின் 16ஆவது திருத்தம் 1988இலேயே சொல்லிவிட்டது. அந்தத் திருத்தம் கொழும்பில் பஸ் ஏறி எங்கள் சந்தியில் வந்திறங்க முப்பது வருடங்களுக்கு மேலாகியிருக்கிறது. வழியில் எங்கே தேநீர் குடித்துக்கொண்டு நின்றதோ தெரியாது.

இந்த வருடம் அது வந்திறங்கியது. தை மாதத்தில் மாற்றலாகி வந்த பெண் கான்ஸ்டபிள் மலையகத்தில் ஹற்றன் பக்கத்துப் பிள்ளை. முறைப்பாட்டைத் தமிழில் எழுதுவார். எழுதி முடித்ததும் புத்தகத்தை மறைக்காமல் வரி வரியாக உரத்து வாசிப்பார். "இப்படித்தானே அம்மா சொன்னீர்கள்?" என்று கேட்டு, சொன்னவர் தலையாட்டிய பிறகுதான் பேனாவை நீட்டுவார். இதுவரை எங்கள் பொலிஸ் நிலையத்தில் நான் கண்ட பெரிய சேவை இதுதான். மற்றதெல்லாம் இதற்குப் பிறகு.

அவர் விடுப்பில் போன ஒரு நாளில்தான் ஆறு காணாமற்போனது.

எங்கள் ஒழுங்கை ஆச்சி ஒருவர் இரண்டு ஆடுகளைக் காணவில்லை என்று நிலையத்துக்குப் போனார். துணைக்கு நானும் போனேன். மேசையில் இருந்தவர் குருநாகல் பக்கத்துச் சார்ஜன். வந்த நாள் முதல் ஓர் ஒற்றைறூள் கொப்பியில் தமிழ்ச் சொற்களை எழுதிப் பாடமாக்குகிறவர். "தமிழில் எழுதுகிறேன், பிழை இருந்தால் சொல்லுங்கள்" என்று சொல்லிவிட்டு, நாக்கின் நுனியைக் கடித்துக்கொண்டு கால் மணித்தியாலம் எழுதினார். பிறகு கான்ஸ்டபிள் பிள்ளையைப் போலவே உரத்து வாசித்தார்: "எனக்குச் சொந்தமான இரண்டு ஆறுகள் நேற்று மாலை முதல் காணாமற்போயுள்ளன."

ஆச்சி அவரை ஏற இறங்கப் பார்த்தார். "தம்பி, என்னிடம் ஆறு இருந்தால் வாய்க்கால் தண்ணீருக்கு நான் ஏன் பக்கத்து வயல்காரனோடு சண்டை பிடிக்கிறேன்?"

சார்ஜனுக்குச் சிரிப்பு விளங்கச் சற்று நேரமாயிற்று. விளங்கியதும் எங்களைவிட அவர்தான் அதிகம் சிரித்தார். 'டு'வுக்கும் 'று'வுக்கும் வால் ஒரே மாதிரித்தானே வளைகிறது என்று நியாயம் கேட்டார். கேட்டால் சரிதான். பிறகு ஆற்றை வெட்டி ஆடு என்று மேலே எழுதி, திருத்தத்துக்குப் பக்கத்தில் ஒழுங்குப்படி சிறு கையொப்பமும் வைத்தார். ஆச்சி அன்றைக்கு வாங்கில் சாய்ந்திருந்து பிளேன்டீ குடித்துவிட்டுத்தான் வெளிக்கிட்டார். அந்த வாங்கில் எங்கள் சனம் சாய்ந்திருந்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை. நுனியில்தான் இருப்பார்கள். ஆடுகள் மூன்றாம் நாள் அயற்கிராமத்தில் ஒரு கல்யாண வீட்டுக் கொட்டிலில் அகப்பட்டன. சரியாகச் சொன்னால் ஒன்று அகப்பட்டது. மற்றது பந்திக்குப் போய்விட்டது. அதற்குரிய காசை வாங்கிக் கொடுத்தார்கள்.

பாடசாலைச் சந்தியில் காலையில் நிற்கும் கான்ஸ்டபிளுக்கு அடுத்த நன்றி. ஏ-9 வீதிக்குக் காப்பெற் போட்ட நாளிலிருந்து சொகுசு பஸ்கள் எங்கள் சந்தியை ஊர் என்றே கணக்கில் எடுப்பதில்லை. காலை ஏழரை மணிக்குப் பாடசாலை மணி அடிக்கும். அதற்கு முன் அரை மணித்தியாலம் அவர் அங்கே நின்றே ஆகவேண்டும்; அது அவருடைய கடமை. கடமையில் இல்லாததையும் சொல்கிறேன். தம்பியை முன் பாரிலும் தங்கையைப் பின் கரியரிலும் ஏற்றிக்கொண்டு வரும் ஒரு சிறுவனின் சைக்கிளில் சங்கிலி அடிக்கடி கழன்றுவிடும். கான்ஸ்டபிள் வெள்ளைக் கையுறை இரண்டையும் கழற்றிப் பொக்கெற்றுக்குள் வைத்துவிட்டு, குந்தியிருந்து சங்கிலியைக் கொளுவி, கறுத்த விரல்களை மருத மரத்தில் துடைத்துவிட்டு, திரும்பக் கையுறை போட்டுக்கொண்டு பஸ்ஸை மறிப்பார். மரத்தில் அந்தக் கறுப்பு இன்னும் இருக்கிறது. அதே மரத்தடியில் ஒரு காற்றுப் பம்மும் வைத்திருக்கிறார். அதை எவரும் களவெடுக்கவில்லை என்பதைப் பொறுப்பதிகாரி தன் ஆண்டறிக்கையில் தாராளமாகச் சேர்த்துக்கொள்ளலாம்.

மாட்டு விடயம். மாரி தொடங்கினால் கட்டாக்காலி மாடுகள் சேற்றிலிருந்தும் நுளம்பிலிருந்தும் தப்பி, வெயில் சூடு ஆறாத தார் வீதியில் வந்து படுத்துவிடும். கறுத்த மாடு, கறுத்த வீதி, இரவு. மோட்டார் சைக்கிளில் வருகிறவனுக்குக் கடைசி நொடியில்தான் கண் தெரியும். பிரதேச சபை பிடித்துக் கட்டித் தண்டம் அறவிடுகிறது. பட்டிக்காரர்கள் தண்டத்தைக் கட்டிவிட்டு மறுநாளே திறந்துவிடுகிறார்கள். எங்கள் சனத்தில் பிழை இருக்கிறது, அதை மறைக்கவில்லை. இந்தப் புரட்டாதியில் சிவில் பாதுகாப்புக் குழுப் பெடியன்களும் நிலையத்தாரும் சேர்ந்து, வெளிச்சம் பட்டால் மின்னும் பட்டிகளை மாட்டுக் கழுத்துகளில் கட்டினார்கள். நாம்பன் ஒன்று உதைத்து ஒரு கான்ஸ்டபிள் வாய்க்காலுக்குள் இருந்தார். சட்டையைத் தோய்த்துக் கொடுத்த தேநீர்க்கடை அக்காவுக்கும் நன்றி.

கார்த்திகை வெள்ளத்தைப் பற்றிக் கொஞ்சம் விரித்து எழுதவேண்டும். கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் 2018 டிசம்பர் 21 இரவு பெய்த மழையை மறந்தவர்கள் எவரும் இல்லை. அன்றைக்கு இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறந்து, விடியும்போது வயல் எது வீதி எது என்று தெரியவில்லை. ஆகவே இம்முறை எங்கள் சின்னக் குளம் வான் பாயத் தொடங்கியதும் கிராம அலுவலரும் பொலிஸாரும் நடுச்சாமத்தில் உழவு இயந்திரப் பெட்டியோடு வந்து, எல்லோரும் பாடசாலைக்கு ஏறுங்கள் என்றார்கள். பாதிப் பேர் அசையவில்லை. பிடிவாதம் என்று வெளியார் நினைக்கலாம். ஒருமுறை எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்து, திரும்பிப் போனபோது கூரைத் தகரம்கூட மிஞ்சாமல் கண்டவர்கள் இன்னொருமுறை வீட்டைவிட்டு இறங்கமாட்டார்கள். நெல்மூடையை யார் பார்ப்பது, கோழியை யார் பார்ப்பது?

பொறுப்பதிகாரி சத்தம் போடவில்லை. இரண்டு கான்ஸ்டபிள்களை விடியும் வரை ஒழுங்கை முகப்பில் நிறுத்துகிறேன், வேண்டுமென்றால் பெயர்களை எழுதிக்கொள்ளுங்கள் என்றார். எழுதினோம். இருவரும் மழை அங்கியோடு, தண்ணீர் எட்டாத மதகுக் கட்டில் விடிய விடிய இருந்தார்கள். அவர்களுக்கு வெற்றிலை கொடுத்தால் அட்டை கடிக்காது என்று யாரோ சொல்லி, ஒரு தட்டம் வெற்றிலையும் போனது. மறுநாள் வெள்ளம் வடிந்ததும் இறங்க மறுத்தவர்களில் முதல் ஆளான கிழவனார் நேரே போய்க் கோழிகளை எண்ணினார். ஒன்று கூடுதலாக இருந்தது. அது யாருடையது என்ற விசாரணை மட்டும் இன்னும் முடியவில்லை. அந்த இரவில் உழவு இயந்திரம் தந்தவர்களும், பாடசாலையைத் திறந்துவிட்ட அதிபரும், காலையில் கஞ்சி காய்ச்சிய மாதர் சங்கத்தினரும் டீசல் காசோ அரிசிக் காசோ கேட்கவில்லை.

சிறுவர், பெண்கள் பிரிவு ஒரு பிள்ளைக்குச் செய்ததைப் பற்றி அதிகம் எழுதமாட்டேன். சின்ன ஊர், ஒரு வரி கூடினாலும் ஆள் தெரிந்துவிடும். பதினெட்டு நிரம்பாமல் கல்யாணம் நடக்கவிருந்தது, நடக்கவில்லை. பிள்ளை சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருக்கிறாள். அந்த வீட்டுக்குச் சீருடையில் போகாமல் சேலையோடு போன கான்ஸ்டபிளுக்கு நன்றி.

குளக்கரைப் பற்றைக்குள் கசிப்பு என்ற கள்ளச் சாராயம் காய்ச்சிய இடங்களைத் தேடி, ஊறிக்கிடந்த கோடாவை ஊற்றிவிட்டார்கள், நல்லது. மணல் ஏற்றும் டிப்பர்கள் இரவில் இன்னும் ஓடுகின்றன, அது நல்லதல்ல. மணலுக்கு நன்றி அடுத்த வருடம் பார்க்கலாம்.

பொலிஸ் திணைக்களம் 1866 செப்டெம்பர் 3 அன்று தொடங்கிய நினைவாக, அந்த நாளில் பஸ் தரிப்பிடத்தைக் கழுவி வெள்ளை அடித்தீர்கள். இரத்ததான முகாமும் வைத்தீர்கள். தைப்பொங்கலுக்கு நிலைய முற்றத்தில் பொங்கினீர்கள். வெசாக் நாளில் தன்சல் என்ற தானப் பந்தலில் கடலை தந்தீர்கள். வைகாசியில் வற்றாப்பளை அம்மன் பொங்கலுக்குக் கடமைக்குப் போனவர்கள் விடிய நித்திரைக் கண்ணோடு திரும்பியதையும் கண்டோம். எல்லாவற்றுக்கும் நன்றி. ஒரு சிறு வேண்டுகோள்: புத்தகப்பை கொடுக்கும்போது, வாங்கும் பிள்ளையின் முகத்தைப் படம் எடுக்காதீர்கள். பையை மட்டும் எடுங்கள். பிள்ளை பிறகு வகுப்பில் இருக்கவேண்டுமே.

இன்னும் சிலரை விட்டால் எனக்கு வீட்டில் சோறு கிடைக்காது. இரவில் பிரசவ வலி கண்ட பெண்ணுக்காக 1990 இலக்க அம்புலன்ஸுக்கு வழிகாட்டி முன்னால் ஓடிய முச்சக்கரவண்டித் தம்பிமார், இரத்தம் கொடுக்க வந்து ஊசியைக் கண்டதும் மயங்கி விழுந்தாலும் எழுந்து கொடுத்துவிட்டே போன கடைக்காரர், மாட்டுப்பட்டி தைத்துத் தந்த தையல்காரத் தங்கை.

இந்த மடலை இப்போதே எழுத ஒரு காரணம் இருக்கிறது. சார்ஜனுக்கு இடமாற்றம் வந்துவிட்டது. தை பிறந்ததும் தெற்கே போகிறார். அந்த ஒற்றைறூள் கொப்பி நிரம்பி இரண்டாவது தொடங்கியிருந்தார். அங்கே போய் அதைத் தொடர யாரோடு பேசுவாரோ தெரியாது. போகும் முன் பொதுநோக்கு மண்டபத்தில் ஒரு சிறிய பிரியாவிடை வைக்கிறோம். மாலை, பொன்னாடை எதுவும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

ஆச்சி மட்டும் கேட்கவில்லை. அன்று மிஞ்சிய ஆடு ஈன்ற குட்டி ஒன்றைக் கயிற்றோடு கொண்டுவந்து கொடுக்கப்போகிறாராம். அரசாங்க உத்தியோகத்தர் அப்படி வாங்கினால் இலஞ்சமாகிவிடும், சட்டம் விடாது ஆச்சி என்று நான் எடுத்துச் சொன்னேன். ஆச்சி வெற்றிலையை மறு கன்னத்துக்கு மாற்றிக்கொண்டார்.

"ஆடு வாங்கக்கூடாது என்றால், ஆறு என்று எழுதிக்கொள்ளட்டும்."

இப்படிக்கு,
செயலாளர்,
கிராம அபிவிருத்திச் சங்கம்