குளத் திருப்பணி முடிந்தது, வடகரை மட்டும் ஏன் மண்ணாகவே இருக்கிறது?

உறுப்பினர்கள் எல்லோருக்கும் வணக்கம். காவேரிப்பட்டணம் பக்கம் நம்ம ஊர் கோயில் குளத்துத் திருப்பணி நல்லபடியாக முடிந்துவிட்டது. தூர் வாரி, மூன்று பக்கம் கருங்கல் படி சீராக்கி, வரத்துக் கால்வாயில் முள் வெட்டி, உபரித் தண்ணீர் வெளியேறும் கோடியையும் பூசியாச்சு. வரவு செலவுக் கணக்கு முன்மண்டபத்தில் ஒட்டியிருக்கிறது, பில்லோடு வைத்துச் சரிபார்க்கலாம்.

நிறைய பேர் கேட்டது ஒன்றுதான். வடகரையில் ஏன் படி கட்டவில்லை, பணம் பத்தவில்லையா? பணம் இருந்தது. தவளைக்காகத்தான் விட்டுவைத்தோம்.

நாம் கரைக்குப் போனதும் சட்டென்று குதித்து, மூழ்காமல் தண்ணீர் மேலேயே தத்தித் தத்தி ஓடுமே, உள்ளங்கைக்குள் அடங்கும் பழுப்புத் தவளை, அதுதான். அறிவியல் பெயர் யூஃப்ளிக்டிஸ் சயனோஃப்ளிக்டிஸ். பல தவளைகள் மழைக்குத் தண்ணீர் தேடி வந்து முட்டையிட்டுவிட்டு வயல், புதர் என்று போய்விடும், இது தண்ணீரை விட்டு அதிகம் விலகாது. கண்ணும் மூக்கும் மட்டும் வெளியே தெரிய மிதக்கும், பின்னங்கால் விரல்கள் நுனிவரை சவ்வால் சேர்ந்திருக்கும், அகப்படும் பூச்சியெல்லாம் அதற்குச் சாப்பாடு. இதற்கு முழங்கால் அளவு தண்ணீரும் கோரையும் சரிவான ஓரமும் வேண்டும். நாலு பக்கமும் செங்குத்தாகக் கட்டிவிட்டால், தலைப்பிரட்டை கால் முளைத்து இன்னும் வால் உதிராமல் கரையேறும் நாளில் தொற்றிக்கொள்ள இடமிருக்காது.

இதே காரணத்துக்காகத்தான் குளத்தை ஒரேயடியாக வற்றவைக்காமல் நடுவில் வரப்பு போட்டு, தென்பாதியை முதலில் வாரி, அதில் தண்ணீர் நின்ற பிறகே வடபாதியில் ஜேசிபியை இறக்கினோம். வேலை இழுத்தது உண்மை, ஆனால் செய்தது சரி என்றே குழு நினைக்கிறது.

இதற்கு ஒரு பெரிய பச்சை உறவுக்காரத் தவளையும் உண்டு. வளர்ந்த பிறகு நீர்ச்செடியை நிறையத் தின்னும், தவளைகளில் இது அபூர்வம். ஒருகாலத்தில் தவளைக்கால் ஏற்றுமதிக்காக அதையும் பிடித்துக் குவித்தார்கள், 1987ல்தான் அரசு அந்த ஏற்றுமதிக்குத் தடை போட்டது.

தவளை தோல் வழியாகவும் மூச்சு விடும், தண்ணீரில் கலப்பது உடம்புக்குள் போய்விடும். அதனால் குளத்தில் பிளீச்சிங் பவுடர் போட வேண்டாம். வேண்டுதலுக்கு மீன் விடுகிறவர்கள் ஆப்பிரிக்கக் கெளுத்தி விடாதீர்கள், தலைப்பிரட்டையைத் தின்று தீர்த்துவிடும். அப்புறம், மீதிப் பணத்தில் கால்வாய் வாயில் குப்பை தடுக்கக் கம்பி வலை போடலாம் என்றிருக்கிறோம். ஆட்சேபம் இருந்தால் வரும் பௌர்ணமி பூஜையன்று குழுவிடம் சொல்லுங்கள்.