ஊசிக்குப் பயந்து தள்ளிப்போகும் சர்க்கரைப் பரிசோதனை

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். தங்கள் இதழின் மருத்துவப் பக்கத்தில் சர்க்கரை நோய் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். சாப்பாடு, நடை, மாத்திரை என்று எல்லாவற்றையும் விவரமாகச் சொல்லிவிட்டு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள் என்று ஒரே வரியில் முடித்திருந்தார்கள். அந்த ஒரு வரியைச் செய்ய முடியாமல் வருடக்கணக்கில் தள்ளிப்போட்டுக்கொண்டே இருப்பவர்கள் ஏராளம். அவர்களை அலட்சியக்காரர்கள் என்று ஒதுக்கிவிடுகிறோம். ரத்தம் எடுக்கும் வேலையிலேயே காலம் கழித்தவள் என்ற முறையில், அவர்கள் சார்பாகக் கொஞ்சம் எழுத விரும்புகிறேன்.

இப்படிப்பட்டவர்களைப் பார்த்த உடனேயே எங்களுக்குத் தெரிந்துவிடும். கை சில்லென்று இருக்கும். ஊசியைப் பிரிக்கும் சத்தம் கேட்டதுமே, "கொஞ்சம் தண்ணி குடிச்சிட்டு வந்துடறேன் சிஸ்டர்" என்று எழுந்து போவார்கள். பலர் திரும்ப மாட்டார்கள். வாட்டசாட்டமான லாரி டிரைவர்கள், போலீஸ்காரர்கள்கூட இதில் உண்டு. வரிசையில் நிற்கும் யாராவது "இவ்வளவு பெரிய ஆளுக்கு ஊசின்னா பயமா" என்று சிரித்துவிட்டால், அவர் மறுபடி எந்த லேப்புக்கும் போவது சந்தேகம்தான்.

வாசலைத் தாண்டியதும் அவருக்குள் நடப்பதைக் கவனிக்க வேண்டும். படபடப்பு அடங்கி, அப்பாடா என்று ஒரு நிம்மதி வருகிறது. அந்த நிம்மதிதான் பயத்துக்குத் தீனி. அமெரிக்க உளவியலாளர் மௌரர் 1947லேயே இதைச் சொல்லியிருக்கிறார். பயம் ஒன்றின் மேல் ஒட்டிக்கொள்வது முதல் கட்டம். விலகி ஓடும்போது கிடைக்கும் நிம்மதி, அந்த ஓட்டத்தையே பழக்கமாக்குவது இரண்டாவது கட்டம். ஊசி குத்தியும் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்துகொள்ளும் சந்தர்ப்பம் ஓடுகிறவருக்குக் கிடைப்பதே இல்லை. வீட்டிலும் "சரி விடுங்க, பொங்கல் முடியட்டும்" என்று அன்பாகவே சொல்லி ஒத்திப்போடுகிறார்கள். இந்தத் தள்ளிப்போடல்தான் பயத்தை உடம்பு நோயாக்குகிறது. சர்க்கரை ஆரம்பத்தில் வலிக்காது. விழித்திரையிலும் சிறுநீரகத்திலும் கால் நரம்பிலும் சத்தமில்லாமல் வேலை செய்துகொண்டிருக்கும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னையிலுள்ள மெட்ராஸ் டயபடீஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷனும் சேர்ந்து நடத்திய, 2023இல் வெளியான ஆய்வு, நாட்டில் சுமார் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாகக் கணக்கிட்டது. அவ்வளவு பெரிய கூட்டத்தில் ஊசிக்குப் பயப்படுபவர்கள் ஒரு சிறு பங்கு என்றாலும் அது பல லட்சம் பேர்.

மாரடைப்பு பயத்திலும் இதே கதைதான். மாடிப்படி ஏறும்போது நெஞ்சு படபடக்கிறது என்று படி ஏறுவதையே நிறுத்துகிறார்கள். உடம்பு பழக்கம் விட்டுப்போய், அப்புறம் பத்துப் படிக்கே நெஞ்சு படபடக்கிறது, பயம் இன்னும் கூடுகிறது.

ஊசி விஷயத்தில் இன்னொன்று இருக்கிறது. மற்ற பயங்களில் இதயத் துடிப்பும் ரத்த அழுத்தமும் ஏறும், அதனால் மயக்கம் வருவது அபூர்வம். ரத்தத்தையும் ஊசியையும் கண்டு பயப்படுபவர்கள் பலருக்கு அவை முதலில் ஏறி, பிறகு சட்டென்று இறங்கிவிடும். மூளைக்குப் போகும் ரத்தம் குறைந்து ஆள் சாய்ந்துவிடுவார். குடும்பத்தில் பரம்பரையாக வருவதும் சகஜம். மயக்கம் இவர்கள் வேண்டுமென்று செய்வதில்லை. "மனசைத் திடமா வெச்சுக்கோங்க" என்று அதட்டுவதால் ரத்த அழுத்தம் ஏறிவிடாது. "மூச்சை இழுத்து விடுங்க, உடம்பைத் தளர்த்திக்கோங்க" என்று எல்லோருக்கும் சொல்வதும் இவர்களுக்குப் பொருந்தாது, தளர்த்தினால் அழுத்தம் இன்னும் இறங்கத்தான் செய்யும்.

ஸ்வீடன் நாட்டு உளவியலாளர் லார்ஸ்-யோரான் ஓஸ்ட் 1980களில் இதற்கு நேர்மாறான ஒரு பயிற்சியைக் கொடுத்துப் பார்த்தார். கை, மார்பு, கால் தசைகளை இறுக்கி, முகத்தில் சூடு ஏறுவது தெரியும்வரை பத்துப் பதினைந்து விநாடி வைத்திருக்க வேண்டும். பிறகு இறுக்கத்தை விட்டு அரை நிமிடம் சாதாரணமாக இருந்துவிட்டு, மறுபடி இறுக்க வேண்டும். இப்படி ஐந்து தடவை. இறுக்கும்போது ரத்த அழுத்தம் ஏறுவதால் மயக்கம் தடைபடுகிறது. வீட்டில் சில நாள் பழகிவிட்டு வந்தால் லேப் நாற்காலியிலும் கைகொடுக்கும். ஊசி குத்தும் கையை மட்டும் தளர்வாக வைத்துக்கொள்ள வேண்டும். ரத்த அழுத்தம், இதய நோய் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் டாக்டரைக் கேட்டுக்கொண்டு செய்யட்டும். பயம் ரொம்பவே முற்றியிருந்தால், ஊசியின் படத்தைப் பார்ப்பதில் தொடங்கிப் படிப்படியாகப் பழக்கிவிட மனநல மருத்துவர்களும் உளவியலாளர்களும் இருக்கிறார்கள்.

லேப்களில் செய்யக்கூடியது எளிது. சீட்டு வாங்கும்போதே "ரத்தம் எடுத்தா மயக்கம் வருமா?" என்று கேட்டு, வரும் என்பவரைப் படுக்க வைத்து எடுக்கலாம். வெறும் வயிற்றோடு காத்திருந்து, வரிசையில் முன்னால் இருப்பவர்கள் கைகளையெல்லாம் பார்த்துப் பார்த்துப் பயம் ஏறாமல், அவரை முதலிலேயே கூப்பிட்டுவிடலாம். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு தேடி வரும் பெண் தன்னார்வலர்களும் இந்தக் கேள்வியைக் கேட்கலாம். வீட்டில், தெரிந்த முகத்தின் முன்னால், விரல் நுனியில் ஒரு சொட்டு கொடுத்துப் பழகுவது பலருக்கு நல்ல முதல் படி.

பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். இந்தப் பயம் பெரும்பாலும் சிறு வயதிலேயே வேர் விடுகிறது. "அழுதா டாக்டர்கிட்ட சொல்லி ஊசி போடச் சொல்லிடுவேன்" என்று பிள்ளையை மிரட்டாதீர்கள். வலிக்காது என்று பொய்யும் சொல்ல வேண்டாம். கொஞ்சம் வலிக்கும், சீக்கிரம் போயிடும் என்றே சொல்லுங்கள்.

ஆசிரியர் அவர்களே, அடுத்த முறை சர்க்கரை நோய்க் கட்டுரை போடும்போது, ஊசிக்குப் பயப்படுபவர்கள் என்ன செய்யலாம் என்பதையும் ஒரு பெட்டிச் செய்தியாகச் சேர்த்து வெளியிட வேண்டுகிறேன். பரிசோதனையைத் தள்ளிப்போட்டுக்கொண்டிருக்கும் ஒருவர் அதைத் தன் வீட்டிலேயே உட்கார்ந்து படிக்க முடியும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற லேப் டெக்னீஷியன்,
தஞ்சாவூர்.