போரும் தேவதைக் கதையும் ஒட்டாதவை அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போர்க்காலக் கொடுமைகளின் நடுவே பெரியவர்களுக்காகத் தேவதைக் கதை சொல்லும் படங்களைப் பற்றித் தங்கள் இதழில் வெளியான கட்டுரையை வாசித்தேன். கில்லெர்மோ தெல் தோரோ 2006-இல் இயக்கிய ‘பான்ஸ் லாபிரிந்த்’ படத்தை முன்வைத்துக் கட்டுரையாளர் இரண்டு குறைகளைச் சொல்லியிருந்தார். அதிலுள்ள வன்முறை தேவைக்கு மிஞ்சியது என்பது ஒன்று. சிறுமியின் மாய உலகமும் ராணுவ முகாமின் கதையும் எண்ணெயும் தண்ணீரும்போலக் கடைசிவரை பிரிந்தே கிடக்கின்றன என்பது மற்றொன்று. இந்தப் படத்தைப் பல ஆண்டுகளாகத் திரும்பத் திரும்பப் பார்த்து வருபவன் என்ற முறையில் இரண்டையும் என்னால் ஏற்க முடியவில்லை. இரண்டாவது குறையை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அதற்கு விடை கிடைத்துவிட்டால் முதலாவதற்கும் பாதி விடை கிடைத்துவிடும்.

படம் நிகழ்வது 1944-இல், ஸ்பெயினின் மலைக்காட்டுப் பகுதி ஒன்றில். 1936-இல் தொடங்கிய உள்நாட்டுப் போர் 1939-இல் ராணுவத் தளபதி ஃபிராங்கோவின் வெற்றியோடு முடிந்துவிட்டது. ஆனாலும் தோற்றவர்களில் சிலர் ஆயுதங்களைக் கீழே வைக்காமல் காடுகளில் மறைந்திருந்து போராடுகிறார்கள். அவர்களை வேட்டையாட அனுப்பப்பட்டவன் கேப்டன் விடால். அவனை மறுமணம் செய்துகொண்ட கர்ப்பிணித் தாயோடு அந்த முகாமுக்கு வந்து சேரும் சிறுமி ஒஃபேலியாவிடம், கொம்பும் ஆட்டுக்காலும் கொண்ட ஃபான் என்னும் வன உயிர், அவள் பாதாள உலகத்தின் இளவரசி என்று சொல்லி மூன்று சோதனைகளை வைக்கிறது. தங்கள் கட்டுரையாளர் இதைத் துயரத்திலிருந்து தப்பிக்க ஒரு குழந்தை கட்டிக்கொண்ட கனவு என்று வாசிக்கிறார். தப்பிக்க விரும்பும் குழந்தை இதைவிட இதமான ஒரு கனவையல்லவா கட்டிக்கொள்ளும்? சேறும் பூச்சியும் நிறைந்த மரப்பொந்துக்குள் ஊர்ந்துபோய் ராட்சதத் தவளையிடமிருந்து சாவியை எடுக்கச் சொல்லும் உலகம் எந்த வகையில் புகலிடம்? வெளியே என்ன நடக்கிறதோ அதுவேதான் அங்கும் நடக்கிறது. அங்கே அவள் அதை எதிர்கொள்ளப் பழகுகிறாள்.

இரண்டு விருந்து மேசைகளைப் பாருங்கள். விடால் ஊர்ப் பெரியவர்களை அழைத்து விருந்து வைக்கிறான். மேசையின் தலைப்பக்கத்தில் அவன் அமர்ந்திருக்க, மலையில் இருப்பவர்களுக்கு உணவு போய்ச் சேராமலிருக்கக் குடும்பத்துக்கு ஒரே ஒரு ரேஷன் அட்டை போதும் என்று முடிவாகிறது. சிக்கனமாக இருந்தால் அது தாராளமாகப் போதும் என்று, தட்டு நிறைய உணவை வைத்துக்கொண்டு, ஒரு பாதிரியார் ஆமோதிக்கிறார். பிறகு ஒஃபேலியா சுவரில் சாக்கட்டியால் கதவு வரைந்து இன்னொரு கூடத்துக்குள் நுழைகிறாள். அங்கும் நீண்ட மேசை, நிறைந்த விருந்து, பின்னால் எரியும் கணப்பு. தலைப்பக்கத்தில் தோல் தொங்கும் ஓர் உருவம், தன் கண்களை எதிரிலிருக்கும் தட்டில் வைத்துவிட்டு அசையாமல் அமர்ந்திருக்கிறது. அங்கே அது குழந்தைகளைத் தின்னும் ஓவியங்கள். மூலையில் குழந்தைகளின் காலணிகள் குவிந்து கிடக்கின்றன. ஐரோப்பாவில் 1944-ஆம் ஆண்டு என்று தெரிந்துகொண்டு பார்ப்பவருக்கு அந்தக் காலணிக் குவியல் எதை நினைவூட்டும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. பசித்தவர்களுக்கு நடுவே தொடக்கூடாத உணவைக் காவல் காப்பவர்கள் என்ற ஒரே உண்மையை இரண்டு மேசைகளும் சொல்கின்றன. இரண்டும் ஒரே வீட்டுக்குள், மெல்லிய சுவர் ஒன்றின் இரு பக்கங்களில் இருக்கின்றன.

இதைவிட ஆழமான ஒட்டு ஒன்று இருக்கிறது. ஃபான் மீண்டும் மீண்டும் கேட்பது கீழ்ப்படிதலை. விடாலும் அதைத்தான் கேட்கிறான். சித்திரவதையில் குற்றுயிராகக் கிடக்கும் கைதியின் வேதனையை ஊசி போட்டு முடித்து வைக்கும் மருத்துவர், ஏன் என் உத்தரவுக்குக் கீழ்ப்படியவில்லை என்று விடால் கேட்கும்போது, கேள்வி கேட்காமல் கீழ்ப்படிவதற்காகவே கீழ்ப்படிவது உங்களைப் போன்றவர்களால் மட்டுமே முடியும் என்ற பொருளில் பதில் சொல்லிவிட்டு நடக்கிறார், முதுகில் சுடப்படுகிறார். மூன்றாவது சோதனையில், கைக்குழந்தையான தம்பியின் ரத்தம் ஒரு துளி வேண்டும் என்று ஃபான் கேட்கும்போது, அரியணையே போனாலும் தர மாட்டேன் என்று ஒஃபேலியா மறுப்பது அதே பதில்தான். மருத்துவரின் சாவையும் சிறுமியின் மறுப்பையும் தனித்தனிக் கதைகளில் வைத்துப் பார்ப்பவருக்குத்தான் படம் இரண்டாகப் பிளந்து தெரியும்.

மாய உலகம் உண்மையா, சிறுமியின் கற்பனையா என்ற பழைய விவாதத்தையும் கட்டுரை தொட்டுச் செல்கிறது. புதிர்ப்பாதையில் ஒஃபேலியாவைத் துரத்தி வரும் விடாலின் கண்ணுக்கு ஃபான் தெரிவதில்லை. அவள் வெற்றுவெளியோடு பேசுவதாகவே அவனுக்குத் தோன்றுகிறது. எனவே எல்லாம் கற்பனை என்று முடிவு கட்டுகிறவர்கள் அவனுடைய கண்களை நம்பத் துணிகிறார்கள். அந்தக் கண்களுக்கு மெர்சிடிஸும் தெரிந்ததில்லை. தன் வீட்டுச் சாவிகளை வைத்திருக்கும் பணிப்பெண், தன் மேசைக்கு உணவு கொண்டுவருபவள், மலையில் இருப்பவர்களுக்குச் செய்தியும் மருந்தும் கடத்துகிறாள் என்பதை அவன் கடைசி நேரம்வரை காணவில்லை. ஒரு வேலைக்காரியைக் கவனிக்க வேண்டும் என்று அவனுக்குத் தோன்றியதே இல்லை; அந்த அலட்சியத்தில்தான் இத்தனை காலம் ஒளிந்திருந்தேன் என்று அவளே அவனிடம் சொல்கிறாள். அதிகாரத்தின் பார்வைக்குப் படாததெல்லாம் இல்லாதது என்று ஆகிவிடாது என்பதை இந்தப் படம் ஃபானைக் கொண்டும் காட்டுகிறது, காய்கறி நறுக்கும் கத்தியை இடுப்புத் துணியில் மடித்து வைத்திருக்கும் ஒரு பெண்ணைக் கொண்டும் காட்டுகிறது.

இனி வன்முறை. கட்டுரையாளர் குறிப்பிடும் பாட்டில் காட்சியை நானும் முதல்முறை முழுதாகப் பார்க்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். முயல் வேட்டைக்கு வந்ததாகச் சொல்லும் தகப்பனும் மகனும் பிடிபடுகிறார்கள். தகப்பனின் கண்ணெதிரே மகனின் முகத்தை விடால் பாட்டிலின் அடிப்பகுதியால் சிதைக்கிறான். இருவரையும் கொன்ற பிறகே பையைத் துழாவுகிறான். உள்ளே முயல் இருக்கிறது. இனிமேல் சரியாகச் சோதித்துவிட்டு என்னைத் தொந்தரவு செய்யுங்கள் என்று கீழே இருப்பவர்களைக் கடிந்துகொள்கிறான். இந்தக் காட்சியைச் சத்தத்தாலும் நிழலாலும் நாகரிகமாக உணர்த்தியிருக்கலாமே என்று கேட்கலாம். அப்படி உணர்த்தியிருந்தால், அடுத்து வரும் தோல் தொங்கும் உருவத்தைத்தான் நாம் படத்தின் மிகப் பெரிய பயங்கரமாக நினைத்துக்கொண்டிருப்போம். அந்த உருவம் துரத்தும்போது நமக்கு ஏற்படுவது கதை கேட்கும் அச்சம். கணவன்போல, தந்தைபோல, ஒழுங்காகச் சவரம் செய்துகொண்டு கடிகாரத்தைத் துடைத்து வைக்கும் மனிதனிடம் ஏற்படுவது வேறு. இந்த வேறுபாட்டை நம் உடல் உணர வேண்டும் என்பதற்காகவே அந்தக் காட்சி அத்தனை நேராக எடுக்கப்பட்டிருக்கிறது.

கொடுமை தேவதைக் கதைக்குப் புறத்திலிருந்து வந்ததும் அல்ல. கிரிம் சகோதரர்களின் தொகுப்பு முதன்முதலாக 1812-இல் வெளிவந்தபோது அவர்கள் வாழ்ந்த காசெல் நகரம் நெப்போலியனின் தம்பி ஆண்ட வெஸ்ட்ஃபாலியாவின் தலைநகரம். ‘ஹான்செலும் கிரெட்டலும்’ கதையில், வறுமையில் பிள்ளைகளைக் காட்டில் விட்டுவரத் துணியும் பெண் அந்த முதல் பதிப்பில் பெற்ற தாய். பிந்தைய பதிப்புகளில்தான் அவள் மாற்றாந்தாய் ஆக்கப்பட்டாள். போரையும் பசியையும் கண்டவர்களின் கதைகள், பின்னால் குழந்தைகளுக்காகத் துடைத்து மெருகேற்றப்பட்டன. துடைக்கப்பட்டதைத் தெல் தோரோ திரும்பக் கொண்டுவருகிறார் என்றே நான் கருதுகிறேன்.

அவர் மட்டுமே இதைச் செய்தவர் என்று சொல்ல வரவில்லை. ஃபிராங்கோ உயிரோடு இருக்கும்போதே, தணிக்கையின் கண்களுக்கு நடுவே, விக்தோர் எரிசே 1973-இல் ‘தி ஸ்பிரிட் ஆஃப் தி பீஹைவ்’ படத்தை எடுத்தார். 1940-இல் ஒரு காஸ்தீலியக் கிராமத்தில் பூதம் வரும் ஃபிராங்கன்ஸ்டைன் படத்தைப் பார்த்த சிறுமி, பாழடைந்த கட்டடத்தில் ஒளிந்திருக்கும் காயம்பட்ட ஒருவனை அந்தப் பூதமாகவே எண்ணி உணவு கொண்டுபோய்க் கொடுக்கிறாள். ஓர் இரவில் அவன் சுட்டுக்கொல்லப்படுகிறான். அங்கே ஒரு துளி ரத்தத்தையும் பெரிதாகக் காட்டாமலே அச்சம் நிறைந்திருக்கிறது. தெல் தோரோவின் 2001-ஆம் ஆண்டுப் படமான ‘தி டெவில்ஸ் பேக்போன்’, வெடிக்காத குண்டு முற்றத்தில் செங்குத்தாக நிற்கும் அநாதை விடுதியில் நிகழ்வது. அதில் ஆவியைவிட உயிரோடிருப்பவனே அஞ்சத்தக்கவன். 2022-இல் வந்த அவருடைய ‘பினோக்கியோ’ முசோலினியின் இத்தாலிக்குள், சொன்னபடி கேட்காத மரப்பொம்மையைக் கொண்டுபோய் நிறுத்தியது.

கட்டுரையாளர் கவனிக்காமல் விட்ட ஒன்று, எனக்குப் படத்திலேயே மிகத் துயரமானதாகப் படுவது, போராளிகளின் வெற்றி. நேச நாட்டுப் படைகள் நார்மண்டியில் இறங்கிய செய்தியை மலைக்குகையில் அவர்கள் வாசிக்கிறார்கள். ஹிட்லர் வீழ்ந்தால் அடுத்து ஃபிராங்கோவும் வீழ்வான் என்ற நம்பிக்கை அவர்களுக்கு இருந்தது. படத்தின் முடிவில் முகாம் அவர்கள் கைக்கு வருகிறது. வரலாற்றில் அப்படி நடக்கவில்லை. அதே ஆண்டு அக்டோபரில் பிரெனீஸ் மலையைக் கடந்து அரான் பள்ளத்தாக்கில் நுழைந்த போராளிகள் சில நாட்களிலேயே பின்வாங்க நேர்ந்தது. காடுகளில் எஞ்சியவர்கள் அடுத்த சில ஆண்டுகளில் ஒடுக்கப்பட்டார்கள். ஃபிராங்கோ 1975-இல் மருத்துவமனைப் படுக்கையில் இறக்கும்வரை ஆட்சியில் இருந்தான். ஆக, சிறுமியின் பாதாள அரண்மனையைக் கற்பனை என்று தள்ளுகிறவர், மெர்சிடிஸும் அவளுடைய தோழர்களும் அந்த இரவில் பெற்ற வெற்றியை என்னவென்று சொல்வார்? இரண்டுமே நடந்திருக்க வேண்டியவை என்ற ஏக்கத்திலிருந்து பிறந்தவை.

ஒரு வேண்டுகோள். தங்கள் கட்டுரையோடு வெளியான படக்குறிப்பில் இது சிறுவர் கற்பனைப் படங்களின் வரிசையில் வைக்கப்பட்டிருந்தது. அமெரிக்காவில் பெரியவர் துணையின்றிப் பதினேழு வயதுக்குட்பட்டோர் பார்க்கக் கூடாத படமாகவும், பிரிட்டனில் 15 வயதுக்கு மேற்பட்டோருக்கான படமாகவும் இது தரப்படுத்தப்பட்டது. மரமும் தேவதையும் சிறுமியும் நிற்கும் சுவரொட்டியைப் பார்த்துச் சிறு பிள்ளைகளை முன்னால் உட்கார வைக்கும் பெற்றோர் எங்கும் இருக்கிறார்கள். அடுத்த இதழில் அந்தக் குறிப்பைத் திருத்தி, பார்ப்பவரின் வயதைப் பற்றி ஒரு வரியும், ஸ்பானிய உள்நாட்டுப் போரைப் பற்றி நான்கு வரியும் சேர்த்து வெளியிட்டால், படத்தைப் புதிதாகத் தேடிப் பார்க்கப்போகும் வாசகர்களுக்கு அது பேருதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
தங்கள் இதழின் வாசகன்